வெற்றிலையைத் திருப்பித் தருகிறேன், அண்ணா

வளைவில் திரும்பும்போது அடிக்கும் ஹாரனிலேயே நீதான் வருகிறாய் என்று எனக்குத் தெரிய வைத்த என் அண்ணனுக்கு,

சரசு எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? வலி இல்லாமல் இருக்கிறாய் என்று நானாகவே நம்பிக்கொள்கிறேன்.

உன் கையில் வெற்றிலை வைத்து, என் மகள் சத்யா உன் மகன் வேலுவுக்குத்தான் என்று கையடித்துக் கொடுத்தேனே, அந்த வாக்கைத் திருப்பித் தந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கு என்பதால், நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். ஆனால் அதை எடுத்த எடுப்பில் விளக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் கப்பல் படத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். நீயும் அதைத்தான் முதலில் கேட்பாய்.

மூன்றாம் பாகம் வந்துவிட்டது அண்ணா. வேலுவும் சத்யாவும் நானும் திருப்பத்தூர் போய்ப் பார்த்தோம். தையல் கடையை மூடிவிட்டு, பள்ளிக்கூடச் சீருடைகள் வெட்டியபடி கிடக்க, நான் சினிமாவுக்குப் போனேன் என்றால் நீ நம்புவாயா? உனக்காகத்தான் போனேன். எனக்கு அந்தப் படத்தில் பாதி புரியாது.

இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்து நீ பண்ணிய அமர்க்களம் நினைவிருக்கிறதா? கப்பல் மூழ்குகிறது. கடைசிப் படகில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். கேப்டன் யாரை ஏற்றினார் என்று காட்டாமல், போர்வைக்குள் சுருண்ட ஓர் உருவத்தை மட்டும் காட்டி முடித்துவிட்டார்கள். கடலைக் கண்ணால் பார்க்காத நீ, ஜமுனாமரத்தூரில் இருந்து நெல்லிவாசல்நாடு போகிற வழி முழுக்க ஜீப்பில் ஏறியவர்களிடம் எல்லாம் அதையே கேட்டாய். "ஒரு எடம்தான் பாக்கி. நீயா இருந்தா யார ஏத்துவ?"

ஒருவர் குழந்தையை என்றார். ஒருவர் கர்ப்பிணியை என்றார். புளி மூட்டையோடு ஏறிய கிழவர், வைத்தியம் தெரிந்தவனை ஏற்றினால் படகில் இருக்கிற மற்றவர்களும் பிழைப்பார்கள் என்றார். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கியரை மாற்றிக்கொண்டே ஒரு தீர்ப்புச் சொல்வாய்.

"நம்ம ஜீப்புல என்னிக்காச்சும் எடம் இல்லன்னு யாரையாச்சும் வுட்டுட்டு வந்துக்கிறனா? கொஞ்சம் ஒதுங்கிக் குந்துங்கன்னா எல்லாரும் குந்திடுவாங்க. உள்ள கீறவங்கள கேக்கணும்யா. கேக்காம நீயா முடிவு பண்ணா அதான் தப்பு."

உன்னுடைய கணிப்பு என்னவென்றால், கேப்டனும் அந்தப் படகில்தான் இருக்கிறார், எல்லாரும் ஒதுங்கி உட்கார்ந்து இடம் விட்டிருக்கிறார்கள், அதை மூன்றாம் பாகத்தில் காட்டுவார்கள் என்பது. யாராவது மறுத்தால் உனக்குக் கோபம் வந்துவிடும். "ஒடம்ப காட்டினானா? காட்டல இல்ல? ஒடம்ப காட்டாத வரைக்கும் ஆளு சாவல."

காட்டிவிட்டார்கள் அண்ணா. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கேப்டனைக் கரையில் கிடத்தி, முகத்தையும் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். போர்வைக்குள் இருந்தது சமையல்காரன். வேலு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சத்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கதை எழுதினவன் மேல் கெட்ட கோபம் வந்தது. இன்னும் ஓர் ஆளுக்கு ஒதுங்கத் தெரியாத படகு என்ன படகு?

ஆனால் உன் ஆட்கள் விடுகிறார்களா? இப்போது வேலுதான் ஜீப் ஓட்டுகிறான். சந்தை நாளில் நான் ஏறினபோது பின்னால் ஒரே சண்டை. "அது கேப்டன் இல்லப்பா. அவன மாதிரியே கீற இன்னொருத்தன். நாலாம் பாகத்துல பாரு" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். "காளியப்பன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார் இன்னொருவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் பேரை அப்படி இப்போதும் இருக்கிற ஆளைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். உடம்பைக் காட்டாத வரைக்கும் சாவு இல்லை என்பது நல்ல கணிப்புத்தான். என்ன செய்வது, உன்னை நான் பார்த்துவிட்டேனே.

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

உன் நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிவதற்கே நீ ஒரு பிள்ளைக்கு அப்பா ஆக வேண்டியிருந்தது. அதுவரை அது பனி சேர்ந்த வாதம், அப்பாவின் கணக்கில். அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். நீ என் பாவாடை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடப்பாய். சத்தம் போட்டால் நான் அழுவேன் என்று சத்தம் போடமாட்டாய். பிறகு மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அரிவாள் செல் ரத்தசோகை என்றார்கள். ரத்தத்தில் இருக்கிற அணுக்கள் உருண்டையாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்து, போகிற வழியில் சிக்கிக்கொள்ளுமாம். அதுதான் அந்த வலி. நீ கட்டிலில் படுத்துக்கொண்டே, "சாமை அறுக்க வெளிய ஆள் தேடாத சரசு, என் ஒடம்புலயே அவ்ளோ அருவா கீது" என்றாய். பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இப்போது நம் மலையிலேயே விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கிறார்கள் அண்ணா. வலி அடிக்கடி வராமல் இருக்க மாத்திரை தருகிறார்கள். உன்னை மாதிரியே துடித்துக்கொண்டிருந்த பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அவளைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த நிமிடமே வயிறு எரிகிறது. அந்த மாத்திரை உனக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் கிடைத்திருக்கக் கூடாதா? யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வெளிநாட்டில் அந்தக் கோணலையே உள்ளே போய்த் திருத்துகிற வைத்தியம்கூட வந்துவிட்டதாம். நர்ஸ் ரேவதி சொன்னார்கள். நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற செலவு இல்லையாம். "ஆனா ஒரு நாள் இங்கயும் வரும் சரசு. இந்த ஒரு சொட்டு டெஸ்ட்டு மலைக்கு வரும்னு யாரு நெனச்சது?" என்றார்கள். வரட்டும். வருகிற வரைக்கும் இருக்கிறதை வைத்துத்தானே முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

அதே ரேவதிதான் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, தைத்துக்கொண்டிருந்த என்னை நிறுத்தச் சொன்னார்கள். சத்யாவுக்கும் வேலுவுக்கும் வெற்றிலை மாற்றி நிச்சயம் பண்ண நாள் பார்த்திருந்த நேரம். உன் வருஷத் திதி முடிந்ததும் செய்துவிட வேண்டும் என்பது அண்ணியின் அவசரம். எனக்கும்தான். செத்தவருக்குக் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போட்டால் அவர் அலைவார் என்று சொல்லியே வளர்த்தார்களே நம்மை.

"வேலுக்கு அப்பா கிட்டேருந்து ஒரு பங்கு கண்டிப்பா வந்திருக்கும். சத்யாவுக்கு பாத்துடலாம்" என்றார்கள். பார்த்தோம். சத்யாவுக்கும் இருந்தது. என்னிடம் இருந்து போனதுதான். எனக்குள் அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது எனக்கே தெரியாது. ஒரு நாள்கூட எனக்கு வலித்ததில்லை.

"இவங்க ரெண்டு பேருக்கும் நோய் கெடையாது, பயப்படாத. ஆனா ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா, பொறக்குற ஒவ்வொரு கொழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு அந்த நோய் வர வாய்ப்பு இருக்கு" என்றார் ரேவதி. நான் தைத்துக்கொண்டிருந்த சட்டைக்குக் கை வைத்துவிட்டு, பிறகு அது தலைகீழாக வைத்த கை என்று கண்டுபிடித்துப் பிரித்தேன்.

அண்ணி ஒத்துக்கொள்ளவே இல்லை. "நாலுல ஒன்னுதான? மூணு நல்லாதான இருக்கும்? அவரு வார்த்த உனக்கு அவ்ளோ லேசா பூட்ச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். வேலு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "நாலு டயருல ஒன்னு வெடிக்கும்னு சொன்னா, வண்டிய மலையில எறக்குவியாம்மா?" என்றான். அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு பல நாள் அவள் என்னோடு பேசவில்லை.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமாம். இருந்தால் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாமாம். அப்பாடா என்று இருந்தது. வாக்கும் காப்பாற்றப்படும், பிள்ளையும் வலியில் பிறக்காது. அந்தச் சந்தோஷத்தோடு கடையைப் பூட்டப் போனபோதுதான் உன் நினைவு வந்தது.

அம்மா காலத்தில் அந்தச் சோதனை இருந்திருந்தால்?

அண்ணா, இதை நான் உன்னிடம்தான் கேட்க முடியும். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் உன்னை வேண்டாம் என்றிருப்பாளா? சொல்லியிருந்தால், எனக்கு அண்ணன் இல்லை. வேலு இல்லை. ஜீப்பில் கப்பல் சண்டை இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால், தெரிந்தே உன்னை அந்த வலிக்குள் அனுப்பியவள் ஆகிவிடுவாள். நீ பல்லைக் கடித்துக் கிடந்த நாட்களில், பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு தடவையாவது நினைத்தாயா? கேட்டிருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருவரிடம் அதைக் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

எவளாவது ஒருத்தி அந்தச் சோதனையைச் செய்து, யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் அவளை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அந்த வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஆனால் என் வாக்கைக் காப்பாற்றுவதற்காக என் மகளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதா? அது எனக்கு ஆகவில்லை.

இதை எல்லாம் நானாகவே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் ஜீப் தீர்ப்பு காதில் விழுந்தது. உள்ளே இருக்கிறவர்களைக் கேட்க வேண்டும்.

கேட்டேன். இரண்டு பேரையும் கடையில் உட்கார வைத்து, ரேவதி சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வயிற்றில் பார்க்கிற சோதனையையும் சொன்னேன், உன்னைப் பற்றி எனக்கு வந்த கேள்வியையும் சொன்னேன். சத்யா கோபத்தில் கொதித்தாள். "அந்த டெஸ்ட்டே எடுக்காம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? புள்ளயே வேணாம்னு நாங்க இருந்துக்கறோம். யாரு கேக்கப் போறாங்க?" என்றாள். அவளுக்கு அவனைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அத்தை, அப்பா மாதிரி ஒரு புள்ள வரப்போவுதுன்னா, வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா பட்டத இன்னொருத்தர் படட்டும்னு சொல்லவும் முடியாது. சத்யாவுக்கு கொழந்தைங்கன்னா எவ்ளோ ஆசன்னு உங்களுக்கே தெரியும். எனக்காக அத வுட்டுடுன்னு எப்படி கேக்கறது?"

பிறகு இருவரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள். நான் தடுக்கவில்லை. ஊருக்கு வெளியே எங்கேயோ வண்டியை நிறுத்திப் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. போகும்போது சத்யா முன்சீட்டில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். சின்ன வயதில் இருந்தே அது அவள் இடம். எவ்வளவு கூட்டம் ஏறினாலும் நீ அதை அவளுக்காக வைத்திருப்பாய். "என் மருமவ சீட்டு அது, எறங்கு" என்று வாத்தியாரைக்கூட எழுப்பிவிட்டிருக்கிறாய்.

திரும்பி வரும்போது அவள் பின்சீட்டில் இருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி வந்து, "வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள். அந்த மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன்.

பிள்ளைகள் முடித்துக்கொண்டார்கள். என் சிக்கல் முடியவில்லை. வெற்றிலை வைத்துக் கையடித்த வாக்கு, அதே கைக்கு வெற்றிலை திரும்பினால்தான் தீரும். நம் ஊர் வழக்கை எல்லாம் தீர்க்கிற ஊர்க்கவுண்டரிடம் போய் நின்றேன். "வாங்கினவன் உயிரோட கீறப்போ திருப்பினவங்கள பாத்திருக்கேன். செத்தவன் கைக்கு எப்படித் திருப்பறது? எனக்குத் தெரியலியே" என்றார். கூட இருந்த ஒருவர், மகன் கை அப்பன் கைதானே என்றார். மாப்பிள்ளையாக வேண்டியிருந்தவனிடமே கொடுத்தால் செல்லாது என்றார் இன்னொருவர். உனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கும் அண்ணா. நாலு நடைக்கு ஜீப்பில் வைத்து ஓட்டியிருப்பாய்.

கடைசியில் கவுண்டர், "அவன் படுத்துக்கிற எடத்துக்கே எடுத்துப் போ. மனசுல இருக்கறத சொல்லி வை. அப்புறம் அவன் பாடு" என்றார்.

போனேன். கவுண்டரும் இன்னும் சில பெரியவர்களும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வேலுவும் சத்யாவும் வந்திருந்தார்கள். அண்ணியைக் கூப்பிட்டோம், வரமாட்டேன் என்றுவிட்டாள். உன் தலைமாட்டுக் கல்லின் மேல் வெற்றிலையை வைத்தேன். சொல்ல நினைத்தது எல்லாம் மறந்துவிட்டது. "முடியல அண்ணா, மன்னிச்சிடு" என்பதுதான் வந்தது. வைத்துவிட்டு நிற்கிறேன். நீ எடுத்துக்கொண்டாய் என்று எப்படித் தெரியும்? எதைப் பார்த்துத் திரும்பிப் போவது? யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது அண்ணி வந்தாள். சாமைக் காட்டில் இருந்து நேராக வந்திருப்பாள் போல, கால் எல்லாம் மண். யாரையும் பார்க்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்லைத் தொட்டு, வெற்றிலையை எடுத்துத் தன் மடியில் போட்டு முடிந்துகொண்டாள்.

"அவரு கைய கடைசி வரைக்கும் புடிச்சிக்கினு இருந்தவ நான். அவருக்கு எப்படி வலிச்சதுன்னு எனக்குத்தான் தெரியும். இன்னொன்ன அப்படி பாக்க என்னால ஆவாது, சரசு. அவருக்குப் பதிலா நான் வாங்கிக்கினேன். நீ வூட்டுக்குப் போ" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உன்னைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

திரும்பும்போது வேலுதான் ஓட்டினான். அண்ணி ஒரு பக்கம், கவுண்டர் ஒரு பக்கம், சத்யா என் தோளில் சாய்ந்துகொண்டு, எல்லாரும் பின்னாலேயே நெருக்கி உட்கார்ந்தோம். முன்சீட் காலியாக வந்தது. யாருக்கும் அதில் உட்கார மனது வரவில்லை. நம் ஜீப்பில் ஓர் இடம் காலியாக வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணா, பழைய வாக்குத் தீர்ந்தது. புதிதாக ஒன்று தருகிறேன். இதற்கு வெற்றிலை கிடையாது. இந்தக் கடிதம்தான்.

உன் மகனுக்கு ஒருத்தி வருவாள். ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிட்டுத்தான் வருவாள், அதற்கு நான் பொறுப்பு. அவள் வந்து ஜீப்பில் ஏறுகிற அன்று, அந்த முன்சீட் கதவை நானே திறந்துவிடுவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன். மனதுக்குள் கஷ்டமாகத்தான் இருக்கும், உன்னிடம் என்ன மறைப்பது? ஆனாலும், "குந்தும்மா, இது எங்கண்ணன் மருமவ சீட்டு" என்று என் வாயால் சொல்வேன். என் சத்யாவும் நானும் பின்னால் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துகொள்வோம்.

உன் ஜீப்பில் ஒதுங்கப் பழகின,
உன் தங்கச்சி,
சரசு